தாழ்வாரத்தில் நின்றவள்

லண்டன் பாலத்தைக் கடந்து தெற்கே நடந்தால் பரோ ஹை ஸ்ட்ரீட் வரும். அந்தத் தெருவின் இடது கைப் பக்கம் வரிசையாகச் சந்துகள். கிங்ஸ் ஹெட் யார்டு, ஒயிட் ஹார்ட் யார்டு, ஜார்ஜ் இன் யார்டு, டால்பட் யார்டு என்று பெயர்ப் பலகைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஒரு பயணியர் விடுதியின் முற்றம். இன்றைக்குப் பெரும்பாலானவற்றில் பெயர் மட்டும்தான் மிச்சம். ஜார்ஜ் சந்துக்குள் திரும்பினால் மட்டும் கட்டடம் இருக்கிறது. அதுவும் மூன்று பக்கங்களில் ஒரு பக்கம்தான்.

மூன்று மாடி உயரம். கீழ்த்தளத்தில் சிறு சிறு கண்ணாடிச் சதுரங்கள் வைத்த ஜன்னல்கள். அவற்றுக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மரத் தாழ்வாரங்கள். தடித்த கடைசல் கம்பங்கள் வைத்த கைப்பிடிச் சுவர். தாழ்வாரத்தின் கோடு நேராக இல்லை, நடுவில் கொஞ்சம் தொய்ந்திருக்கிறது. தாழ்வாரத்துக்குப் பின்னால் கதவுகள். அவை ஒரு காலத்தில் தங்கும் அறைகள். லண்டனில் மாடித் தாழ்வாரங்களோடு எஞ்சியிருக்கும் ஒரே பழைய வண்டி விடுதி இதுதான். 1937 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பின் கையில் இருக்கிறது. உள்ளே இப்போதும் பப் நடக்கிறது.

நான் முதுகலை படிக்க லண்டன் போன காலத்தில், நடக்கிற தூரத்திலிருந்த ஒரு ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை பார்த்தேன். காலை எட்டு மணிக்குத் தொடங்கி ஒரு ஷிப்டுக்குப் பதினான்கு அறைகள். வேலை முடிந்து வகுப்புக்குப் போவதற்கு இடையில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தை எங்காவது உட்கார்ந்து கழிக்க வேண்டும். அப்படித்தான் இந்த முற்றத்து மர மேசைகளில் ஒன்று எனக்கு வாய்த்தது. சுற்றுலா வருபவர்கள் அந்தக் கட்டடத்தைப் பார்த்து "எவ்வளவு அழகு" என்பார்கள். எனக்குக் கண்ணில் பட்டது கதவுகளின் எண்ணிக்கையும் படிகளின் எண்ணிக்கையும்தான்.

மரம் நிற்கும் விதம்

இங்கிலாந்தின் பழைய மரச்சட்டக் கட்டடங்களில் சுவர் எடையைச் சுமப்பதில்லை. எடை முழுவதையும் சுமப்பது ஓக் மரச் சட்டகம். தரையில் செங்கல் அல்லது கல் அடித்தளம் எழுப்பி, அதன்மேல் ஒரு படுக்கை உத்தரம் வைப்பார்கள். அதில் தூண்களை நிறுத்தி, தூண்களை மேலே இன்னோர் உத்தரத்தால் கட்டி, மூலைகளில் சாய்வுக் கட்டைகள் கொடுப்பார்கள். ஒரு கட்டையின் முனையை நாக்குப் போலச் செதுக்கி, இன்னொரு கட்டையில் வெட்டிய துளைக்குள் செருகி, குறுக்கே மர ஆணி அடித்துவிட்டால் இணைப்பு முடிந்தது. தச்சர்கள் சட்டகம் முழுவதையும் தங்கள் பட்டறையிலேயே படுக்க வைத்துப் பொருத்திப் பார்த்து, ஒவ்வோர் இணைப்பிலும் ரோமன் எண் போன்ற குறியைக் கீறி, பிறகு பிரித்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பழைய கட்டடங்களில் அந்தக் குறிகளை இன்றைக்கும் பார்க்கலாம்.

சட்டகத்தின் இடைவெளிகளை வரிச்சு கட்டி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பி மூடுவார்கள். வரிச்சுச் சுவர் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்னாளில் அந்த இடைவெளிகளைச் செங்கல்லாலும் நிரப்பினார்கள். கறுப்பு மரம், வெள்ளைச் சுவர் என்று நாம் படங்களில் பார்க்கும் தோற்றம் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரசனை. அதற்கு முன் பல இடங்களில் மரத்தை அப்படியே விட்டுவிட்டார்கள், அல்லது சுவரோடு சேர்த்துச் சுண்ணாம்பு பூசிவிட்டார்கள்.

பெரும்பாலும் பச்சை மரத்தில்தான் வேலை நடந்தது. வெட்டிச் சில மாதங்களே ஆன ஓக்கை அறுப்பதும் செதுக்குவதும் எளிது. கட்டி முடித்த பிறகு அது வருடக்கணக்கில் உலர்ந்து சுருங்கும், முறுக்கும். இணைப்புகள் இறுகும். அதனால்தான் இந்தக் கட்டடங்களில் கோணல் சகஜம். ஆனாலும் விழுவதில்லை.

ஜார்ஜின் கதையில் நெருப்புக்கு முக்கியமான இடம் உண்டு. 1598-இல் லண்டனைப் பற்றி எழுதிய ஜான் ஸ்டோவ், சதர்க் பகுதி விடுதிகளின் பட்டியலில் இதன் பெயரையும் சேர்த்திருக்கிறார். அவர் பார்த்த கட்டடம் இன்று இல்லை. 1676-இல் சதர்க் தீப்பற்றி எரிந்து, நூற்றுக்கணக்கான வீடுகளோடு ஜார்ஜும் சாம்பலானது. அடுத்த ஆண்டே அதை மறுபடி கட்டினார்கள். பத்து வருடம் முன்பு, ஆற்றின் மறுகரையில் லண்டன் நகரம் எரிந்திருந்தது. அங்கே வெளிச்சுவர்கள் செங்கல்லோ கல்லோதான் என்று சட்டமே வந்துவிட்டது. ஆனாலும் ஜார்ஜில் செங்கல்லோடு மரமும் கலந்தது. முற்றத்தைப் பார்த்த பக்கம் பழையபடி மரத் தாழ்வாரங்கள் எழுந்தன. வழக்கம் அவ்வளவு பலமானது.

முற்றத்தின் வேலை

இத்தனை விடுதிகள் ஏன் ஒரே தெருவில்? பல நூற்றாண்டுகளுக்கு லண்டன் நகரத்துக்குள் தெற்கிலிருந்து நுழைய ஒரே பாலம்தான் இருந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் 1750-இல்தான் திறந்தது. கென்டிலிருந்தும் சசெக்ஸிலிருந்தும் வரும் வண்டி, சந்தைச் சரக்கு, யாத்திரிகர் எல்லாம் இந்தத் தெரு வழியாகத்தான் வர வேண்டும். இரவில் பாலத்தின் வாயில் அடைபடும். பிந்தி வந்தவர் இக்கரையிலேயே தங்க வேண்டியதுதான்.

தெருப் பக்கம் ஒரு வளைவு வாயில். அதற்குள் வண்டி நுழைந்தால் நீண்ட முற்றம். சுற்றிலும் கட்டடம். கீழே சமையலறை, மதுக்கூடம், காத்திருக்கும் அறை. பின்னால் குதிரை லாயங்கள். மேலே தங்கும் அறைகள். அறைகளுக்குப் போக உள்ளே நடைவழி கிடையாது. முற்றத்திலிருந்து படியேறி, திறந்த மாடித் தாழ்வாரத்தில் நடந்து, அவரவர் கதவைத் திறந்துகொள்ள வேண்டும். இது கட்டுவதற்கும் சிக்கனம். அறைக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு நடுவில் இருட்டு நடைவழி அமைக்க வேண்டியதில்லை.

1836-இல் பக்கத்திலேயே லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையம் திறந்தது. குதிரை வண்டிகளின் காலம் மெல்ல முடிந்தது. கிரேட் நார்தர்ன் ரயில்வே கம்பெனி ஜார்ஜை வாங்கிச் சரக்குக் கிடங்காக்கியது. 1889-இல் இரண்டு பக்கங்களை இடித்தது. பக்கத்து ஒயிட் ஹார்ட் அதே வருடம் போனது. அதற்கு முன்பே, 1873-இல், டாபர்டு போயிருந்தது.

கதவு

ஓட்டலில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். இருபது வருடமாக லண்டன் ஓட்டல்களில் கட்டில் விரித்தவர். முதல் நாள் அவர் சொல்லித் தந்தது விரிப்பு மடிக்கும் விதத்தை அல்ல. கதவைப் பற்றித்தான்.

"பிள்ளை, உள்ளுக்க போகேக்க கதவை முழுசாத் திறந்து ஆப்பு வைக்க வேணும். வண்டிலைக் கதவுக்குக் குறுக்கால விட வேணும். உள்ள ஆள் இருந்தாலும் சரி, இல்லாட்டிலும் சரி."

"ஏன் அக்கா?"

"விளங்கும்."

மூன்றாவது மாதம் விளங்கியது. காலி என்று பட்டியலில் இருந்த அறையில் ஆள் இருந்தார். நான் குளியலறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை, படிக்கும் பெண்களுக்குத் தெரியும். ஆப்பு வைத்த அறைக் கதவு திறந்திருந்தது. என் வண்டியைப் பார்த்து அக்கா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் விலகினார். நான் வெளியே வந்தேன்.

மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னோம். அந்த ஆள் வாரத்தில் நான்கு நாள் தங்குகிற வாடிக்கையாளர் என்று பதில் வந்தது. என்னை வேறு மாடிக்கு மாற்றினார்கள். அந்த அறையை இன்னொரு பெண்ணின் பட்டியலில் சேர்த்தார்கள். அக்கா அந்தப் பெண்ணிடம் போய்க் கதவைப் பற்றிச் சொன்னார்.

அதன் பிறகு ஜார்ஜ் முற்றத்தில் உட்கார்ந்து அந்தத் தாழ்வாரத்தைப் பார்த்தபோது அது வேறு விதமாகத் தெரிந்தது. எங்கள் ஓட்டலின் நடைவழி கம்பளம் விரித்தது. ஜன்னல் கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். கம்பளம் சத்தத்தை விழுங்கிவிடும். கதவுகள் தாமாகவே மூடிக்கொள்ளும். விருந்தினரின் தனிமைக்காகவும் தீத்தடுப்புக்காகவும் எல்லாம் யோசித்துச் செய்திருக்கிறார்கள். அறைக்குள் வேலை செய்கிறவள் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும் என்பதை அந்த வரைபடத்தில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 2016-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மக்கள் வாக்களித்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஓட்டல் அறைகளில் தனியாக வேலை செய்கிறவர்களுக்கு அவசர அழைப்புப் பொத்தான் தர வேண்டும் என்றது அது. கட்டடம் செய்யாததை ஒரு பொத்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

ஜார்ஜில் ஒவ்வொரு கதவும் முற்றத்தைப் பார்த்துத் திறந்தது. ஒரு பெண் வாளியோடு எந்தக் கதவுக்குள் போனாள், எப்போது வெளியே வந்தாள் என்று குதிரைக்காரர் முதல் சமையல்காரி வரை எல்லோருக்கும் தெரியும். அவள் கூப்பிட்டால் கேட்கும்.

இதை வைத்துப் பழைய காலம் பெண்களுக்கு நல்லது என்று சொல்ல வரவில்லை. எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வேலை செய்தவளைப் பற்றி எல்லோரும் பேசவும் முடியும். ஓர் அறையில் கொஞ்சம் அதிக நேரம் ஆனால் அதற்கும் கணக்கு கேட்பார்கள். பார்வை காவலாகவும் இருக்கும், கண்காணிப்பாகவும் இருக்கும். எது எப்போது என்பதைத் தீர்மானிப்பது, முற்றத்தில் நிற்பவர் யார், அவர் அவள் பேச்சை நம்புவாரா என்பதுதான். எங்கள் ஓட்டலில் கண்காணிப்புக் கேமரா நடைவழி முழுக்க இருந்தது. அக்காவின் குரல்தான் உதவியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவை ஜார்ஜுக்குக் கூட்டிப் போனேன். கட்டடத்தை மேலும் கீழும் பார்த்தார். அழகு என்றோ பழமை என்றோ சொல்லவில்லை.

"லிப்ட் இல்லை, பைப் இல்லை. இவ்வளவு தண்ணியையும் ஆர் ஏத்தினது? திருப்பி ஆர் இறக்கினது?"

இறக்கியது வெறும் தண்ணீர் அல்ல. அறைக்கு அறை கட்டிலுக்கு அடியில் கழிவுப் பாத்திரம் இருந்த காலம் அது. அதோடு கணப்புக்கு விறகும் நிலக்கரியும் ஏற வேண்டும், சாம்பல் இறங்க வேண்டும். மெழுகுவத்தி, வெந்நீர், விரிப்பு எல்லாம் ஏற வேண்டும். இந்தக் கட்டடத்தைத் தாங்கியதில் பாதி ஓக் என்றால் மீதிப் பாதி அந்தப் பெண்களின் முழங்கால்கள்.

லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வேர் பெருங்கட்டில் என்று ஒன்று இருக்கிறது. ஹெர்ட்போர்ட்ஷயரில் வேர் என்ற ஊரின் ஒரு விடுதிக்காக 1590-களில் செய்ததாகக் கருதுகிறார்கள். அகலம் மூன்று மீட்டருக்கும் மேல். நான்கு ஜோடிகள் படுக்கலாம் என்பார்கள். விடுதிக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்றே செய்திருக்க வேண்டும். ஷேக்ஸ்பியர்கூடத் தன் நாடகத்தில் குறிப்பிடும் அளவுக்குப் பேர்பெற்றது. அதன் முன்னால் நின்ற எல்லோரும் செதுக்கு வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அதன் நடுப்பகுதியில் விரிப்பை எப்படிச் சுருக்கம் இல்லாமல் இழுத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெயர் கிடைத்தவர்கள்

இந்தத் தெரு ஆங்கில இலக்கியத்தில் பெரிய இடம் பிடித்தது. ஜார்ஜுக்கு அடுத்திருந்த டாபர்டு விடுதியிலிருந்துதான் சாசரின் யாத்திரிகர்கள் கேன்டர்பரிக்குக் கிளம்புகிறார்கள். ஏறத்தாழ முப்பது பேர். அதில் பெண்கள் மூவர். இரண்டு கன்னியாஸ்திரீகள், பிறகு பாத் ஊர்க்காரி. ஐந்து முறை கல்யாணம் செய்தவள், துணி நெய்பவள், தன் வாயால் தன் கதையைச் சொல்பவள். விடுதிக்காரர் ஹாரி பெய்லி எல்லோரையும் கூட்டிக்கொண்டு தானும் கிளம்பிவிடுகிறார். அவர் மனைவி வரவில்லை. வழியில் அவர் அவளைப் பற்றி ஒரு பாட்டம் புலம்புகிறார். அவள் எவ்வளவு முரடு, தன்னை எப்படி ஆட்டிவைக்கிறாள் என்று. முதலாளி கதை கேட்கக் கிளம்பிப் போன அந்த நாட்களில் டாபர்டை யார் நடத்தியிருப்பார் என்று நான் வகுப்பில் கேட்டேன். பேராசிரியர் சிரித்தார். நல்ல கேள்வி என்றார். அத்தோடு முடிந்தது.

டிக்கன்ஸின் பிக்விக் நாவலில் சாம் வெல்லர் முதலில் தோன்றுவது இங்கேதான், ஒயிட் ஹார்ட் முற்றத்தில். விருந்தினர்களின் பூட்ஸைத் துலக்கிக்கொண்டிருக்கிறான். மாடித் தாழ்வாரத்தின் கைப்பிடியில் சாய்ந்து ஒரு வேலைக்காரப் பெண் அவனைக் கூப்பிடுகிறாள். இன்ன எண் அறைக்காரருக்கு பூட்ஸ் வேண்டுமாம். அவன் ஒரு நக்கலான பதில் சொல்கிறான். அந்த நாவல் தொடராக வந்த 1836-இல் சாம் வெல்லரால்தான் அதன் விற்பனை எகிறியது என்பார்கள். அவன் பெயர் உலகமெங்கும் பரவியது. கூப்பிட்டவளுக்குப் பெயர் இல்லை. அவள் அந்த நேரத்தில் எத்தனை கதவுகளைத் தட்டிவிட்டு வந்து நின்றாள் என்பது கதைக்குத் தேவைப்படவில்லை.

யார் நடத்தினார்கள்

இங்கிலாந்தில் மது காய்ச்சுவது நெடுங்காலம் பெண்களின் வேலை. வாற்கோதுமையில் செய்யும் ஏல் என்ற பானத்தை வீட்டுச் சமையலறையில் காய்ச்சி, வீட்டுக்குப் போக மிச்சத்தை விற்பார்கள். ஆங்கிலத்தில் ஸ்டர் என்று முடிந்த தொழிற்பெயர்கள் முதலில் பெண்ணைக் குறித்தவை. நூற்பவள் ஸ்பின்ஸ்டர், மது காய்ச்சுபவள் ப்ரூஸ்டர். முதல் சொல் பின்னாளில் கல்யாணமாகாதவளைக் கேலி செய்யும் சொல்லானது. இரண்டாவது, ஆண்களின் குடும்பப் பெயராக நிற்கிறது.

வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட் 1996-இல் வெளியிட்ட நூலில், 1300-க்கும் 1600-க்கும் இடையில் இந்தத் தொழில் எப்படிப் பெண்களின் கையைவிட்டுப் போனது என்பதை ஆவணங்களை வைத்துக் காட்டுகிறார். ஏல் சில நாட்களில் புளித்துவிடும். அதனால் கொஞ்சமாகக் காய்ச்சி அக்கம்பக்கத்தில் விற்றால்தான் சரிப்படும். ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைச் சேர்த்துக் காய்ச்சும் பீர் வந்ததும் நிலைமை மாறியது. அது மாதக்கணக்கில் கெடாது. பெரிய கொப்பரையில் காய்ச்சி, பீப்பாயில் அடைத்து, தூரத்துக்கு அனுப்பலாம். அதற்கு முதல் வேண்டும், கடன் வேண்டும், சங்கத்தில் இடம் வேண்டும். கல்யாணமான பெண்ணின் சொத்து கணவனுடையது என்று சட்டம் சொன்ன நாட்டில் அவளை நம்பி யார் கடன் கொடுப்பார்கள்? ஒரு வேலையில் பணம் சேரத் தொடங்கியதும் அது ஆண்களின் தொழிலாகிவிட்டது.

விதவைகளுக்கு மட்டும் கொஞ்சம் இடைவெளி இருந்தது. கணவன் இறந்த பிறகு அவள் தன் பெயரில் கையெழுத்திடலாம், குத்தகை எடுக்கலாம், வழக்குத் தொடரலாம். பல விடுதிகளின் பதிவுகளில் கணவன் பெயருக்குப் பிறகு மனைவியின் பெயர் தொடர்வது இதனால்தான். கணவன் உயிரோடு இருந்தபோதும் வேலை பார்த்தவள் அவள்தான் என்பதை அந்தப் பதிவு சொல்லாது. கல்யாணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளும் முழு உரிமை 1882-இல்தான் சட்டமானது.

ஜார்ஜை அந்தக் காலகட்டத்தில் நடத்தியது அமீலியா மர்ரே என்ற பெண். அவருக்குப் பிறகு மகள் ஆக்னஸ் மர்ரே, 1934 வரை. அதாவது ரயில்வே கம்பெனி இரண்டு பக்கங்களை இடித்தபோது, மிஞ்சிய ஒரு பக்கத்தில் அடுப்பை அணைக்காமல் தொழில் நடத்தியது தாயும் மகளும். காலியாகக் கிடக்கும் பழைய கட்டடத்தை இடிப்பது சுலபம். ஆள் இருந்து, சோறு சமைத்து, விரிப்பு மாற்றி, கூரை ஒழுகினால் தச்சரைக் கூப்பிடும் கட்டடத்துக்கு ஆயுள் கூடுதல். பாதுகாப்பு அமைப்பு வருவதற்கு முன்னால் இந்தக் கட்டடத்தைப் பாதுகாத்தவர்கள் என்று நான் இவர்களைத்தான் சொல்வேன்.

தனியாக வந்தவள்

ஜார்ஜ் மறுபடி எழுந்தபோது சீலியா ஃபியன்ஸுக்குப் பதினைந்து வயது. பின்னாளில் அவர் பக்கவாட்டுச் சேணத்தில் உட்கார்ந்து குதிரையில் இங்கிலாந்து முழுவதையும் சுற்றினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கிய இடங்கள், சாலைகள், விலைகள் எல்லாவற்றையும் எழுதிவைத்தார். அது 1888-இல்தான் புத்தகமாக வந்தது. கார்லைல் ஊரில் ஓர் இளம் விடுதிக்காரி தன்னிடம் அதிகப் பணம் பிடுங்கிவிட்டாள், அலங்கரித்துக்கொள்ளவும் சிப்பாய்களிடம் பேசவும்தான் அவளுக்குத் தெரியும் என்று கோபப்படுகிறார். படிக்கச் சிரிப்பு வரும். கூடவே ஒன்று உறுத்தும். சீலியாவின் தாத்தா ஒரு பிரபு. கூட வேலைக்காரர்கள் போனார்கள். அவர் தனியாகப் பயணம் செய்த பெண் என்று நாம் கொண்டாடும்போது, அந்த வேலைக்காரர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிரபு வீட்டுப் பெயர் இல்லாத பெண் இரவில் தனியாக வந்து அறை கேட்டால்? அதற்கான பதில் ஜார்ஜிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கிறது. ரெட்கிராஸ் வே என்ற தெருவில் இரும்புக் கம்பிக் கதவு முழுக்க ரிப்பன்களும் பூக்களும் கட்டிய ஓர் இடம். கிராஸ்போன்ஸ் இடுகாடு. சதர்க்கின் ஆற்றங்கரைப் பாலியல் விடுதிகள் பல நூற்றாண்டுகள் வின்செஸ்டர் பிஷப்பின் அதிகார எல்லைக்குள் நடந்தன. அங்கிருந்த பெண்களிடமிருந்து வருமானம் வந்தது. இறந்தால் அவர்களுக்குத் தேவாலய இடுகாட்டில் இடமில்லை. ஒதுக்குப்புறமாக அவர்களுக்கென்று இருந்த மண்ணை ஸ்டோவ் குறிப்பிடுகிறார். அதன் பெயர் தனிப்பெண்களின் இடுகாடு. அந்த இடம்தான் கிராஸ்போன்ஸ் என்பது இந்த வட்டாரத்தின் நம்பிக்கை. பிறகு அது ஏழைகளின் இடுகாடாகி 1853-இல் மூடப்பட்டது. 1990-களில் ஒரு பகுதியைத் தோண்டியபோது 148 எலும்புக்கூடுகளை எடுத்தார்கள்.

தனிப்பெண் என்றால் பாலியல் தொழிலாளி என்று பொருள் இருந்த ஊரில், ஒரு பெண் விடுதிப் படியேறுவதை முற்றம் முழுவதும் பார்க்கும். அவள் யாரோடு வந்தாள் என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்கும். தாழ்வாரத்தின் இன்னொரு முகம் இது.

நிற்கும் இடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல மதுக்கூடங்களுக்குள் தடுப்புகள் முளைத்தன. உள்ளே இருப்பவர் தெரியாதபடி பூ வேலை செய்த மங்கல் கண்ணாடி வைத்த சிறு அறைகள் வந்தன. குடிப்பதைப் பிறர் பார்க்க விரும்பாத பெண்கள் அங்கே உட்காரலாம். சில இடங்களில் அங்கே மட்டும்தான் உட்காரலாம். விதி என்று எங்கேயும் எழுதிப்போடத் தேவையில்லை. ஒரு தடுப்பு போதும்.

இது பழங்கதையும் அல்ல. பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் கூடிய லண்டன் ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் எல் வினோ என்ற மதுக்கூடம் பெண்களைப் பரிமாறும் மேடையருகே நிற்க விடாமல் இருந்தது. பின்னறையில் மேசையில் உட்கார்ந்தால் கொண்டுவந்து தந்தது. வழக்கறிஞர் டெஸ் கில், பத்திரிகையாளர் அன்னா கூட் இருவரும் வழக்குப் போட்டார்கள். 1982-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது 1975-ஆம் ஆண்டின் பாலினப் பாகுபாட்டுச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. உட்கார வைத்துப் பரிமாறினால் மரியாதைதானே என்று கேட்டவர்கள் உண்டு. மேடையருகே நிற்பவர்களுக்குத்தான் அன்றைய செய்தி கிடைக்கும் என்பது அங்கே போன எல்லோருக்கும் தெரியும்.

க்ளாஸ்டர் நகரத்தில் நியூ இன் என்ற விடுதி இருக்கிறது. 1450 வாக்கில் அங்கிருந்த மடத்தார் யாத்திரிகர்களுக்காகக் கட்டியது. நான்கு பக்கமும் சட்டகம் நிற்க, முற்றத்தைச் சுற்றி மரத் தாழ்வாரங்கள் உள்ள இடைக்கால விடுதிகளில் மிக முழுமையாக எஞ்சியது அதுதான் என்கிறார்கள். லேடி ஜேன் கிரேயை 1553-இல் இங்கேதான் ராணி என்று அறிவித்தார்கள், அவளே இந்தத் தாழ்வாரத்தில் நின்றாள் என்பது அந்த ஊர்க் கதை. அந்த ஜூலை மாதம் அவள் லண்டனில் இருந்தாள். 10-ஆம் தேதி கோபுரக் கோட்டைக்குள் கொண்டுபோனார்கள். ஒன்பது நாள் ராணி, பதின்ம வயதில் தலை வெட்டப்பட்டாள். பாவப்பட்ட பெண்தான். ஆனால் அந்தத் தாழ்வாரத்தில் உண்மையாகவே நின்ற பெண்கள் ஐந்நூறு வருடமாக ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வராத ராணிக்குக் கிடைத்த கதையில் ஒரு துளிகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கட்டடக்கலை படிக்கும் மாணவிகள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்கள் வரைபடத்தில் அறையை வரைந்த பிறகு அதைச் சுத்தம் செய்ய வருகிறவள் எந்த வழியாக வருவாள் என்று ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அவள் எவ்வளவு எடையோடு எத்தனை படி ஏறுகிறாள், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, தானாக மூடிக்கொள்கிறதா, அவள் குரல் எதுவரை கேட்கும். மரச்சட்டத் தச்சர்கள் ஒவ்வோர் இணைப்பிலும் எண் கீறியது, பிரித்தாலும் எது எதைத் தாங்குகிறது என்பது மறந்துபோகக் கூடாது என்பதற்காக. அந்தக் கணக்கில் இந்தப் பெண்களையும் எழுத வேண்டும்.